ஐந்து வருஷம் பிந்திய தேனிலவு

சுற்றுலாக் கொம்பனியில் வழிகாட்டியாகச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்: வடிவான இடம் வந்தால் வாயை மூடு, வெளிக்கிடும்போது தலையை எண்ணு. நாற்பது பேரை ஒரே நேரத்தில் சாப்பாட்டு மேசைக்கும் கழிவறைக்கும் கூட்டிப் போன அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், அதன் அருமை விளங்கும்.

எங்கள் கொம்பனி ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஆறு நாள் பயணம் ஒன்று நடத்தியது. முதலில் ஜோர்ஜியன் குடாத் தீவுகளுக்குள்ளால் சின்னக் கப்பல், பிறகு காட்டுக்குள்ளால் ரயில், கடைசியில் சுப்பீரியர் ஏரிக் கரையோரம் பஸ். வருகிறவர்கள் பெரும்பாலும் பென்சன் எடுத்த வெள்ளைக்காரர். மட்டக்களப்புக்காரியான என்னையும் ஒரு பயணி என்று நினைத்து, பக்கத்தில் இருக்கச் சொல்லி இடம் தருவார்கள். எண்பத்தெட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில்தான் என் பட்டியலில் முதல்முறையாக ஒரு தமிழ்ப் பெயர் வந்தது.

யன்னல் பக்கம்

தேவராசாவுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் வேலை. அங்கே வேலையாட்களுக்கு நடந்த குலுக்கலில் இந்தப் பயணம் அவருக்கு விழுந்திருந்தது. மனைவி மலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து கிழமைதான், ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. எண்பத்து மூன்றில் கல்யாணமாகிப் பத்தொன்பதாம் நாள் கொழும்புக்கு வேலைக்குத் திரும்பினவர், கலவரத்தில் உடுத்த உடுப்போடு தப்பி, எங்கெங்கோ சுற்றிக் கனடா வந்திருக்கிறார். மனைவியைக் கூப்பிட ஐந்து வருஷம் சென்றுவிட்டது.

ரொறன்ரோவிலிருந்து கப்பலடிக்குப் போன பஸ்ஸில் மலர் ஒரு சீற்றில் இருந்தா. இவர் நடைபாதைக்கு அந்தப் பக்கம் வேறு சீற்றில். "தம்பி, மனிசியை யன்னல் பக்கம் விட்டுட்டுப் பக்கத்தில இருங்களன்" என்றேன். அவர் எழும்பி வந்து, அவவுக்குக் கேட்காத மாதிரி சொன்னார்: "அவவுக்கு யன்னல் பக்கம் விருப்பமோ தெரியாது அக்கா. இன்னும் கேட்கேல்லை."

பெரிய கட்டில்

பயணப் படிவத்தில் ஹோட்டல்காரர் 'புதுத் தம்பதி' என்று எழுதிவிட்டார்கள். அதனால் கப்பலில் இருந்த ஒரே பெரிய கட்டில் அறை இவர்களுக்கு. கட்டிலில் கடதாசிப் பூ வேறு. ஒரு மணித்தியாலம் கழித்துத் தேவராசா என்னைத் தேடி வந்தார். ரெண்டு கட்டில் உள்ள அறையாக மாத்தலாமோ என்று கேட்டார். வீட்டிலும் தான் முன்னறையில்தான் படுக்கிறதாம். "அஞ்சு வருசம் காத்திருந்தவவை அஞ்சு கிழமையில அவசரப்படுத்தக் கூடாது" என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

இப்படி ஒரு காரணத்துக்காக அறை மாற்றிக் கேட்ட புருஷனை அதற்கு முன் நான் கண்டதில்லை. மார்கரெட் என்ற எழுபது வயது அம்மாவும் கணவரும் இரண்டு ஒடுக்கமான கட்டில் உள்ள அறையில் இருந்தார்கள். மாறச் சம்மதமா என்று போய்க் கேட்டேன். மார்கரெட் உடனே பெட்டியைத் தூக்கினா: "நாற்பத்து நாலு வருஷமாக இவருடைய குறட்டைக்குள் இருக்கிறேன். பெரிய கட்டில் என்றால் எட்டி உதைத்து நிற்பாட்டவாவது வசதி."

தபாலில் வந்தவர்

இரண்டாம் நாள் காலை. சிவந்த பாறைகளும், காற்று ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்ட பைன் மரங்களுமாகத் தீவு தீவாக வந்துகொண்டிருந்தது. எல்லாரும் கமராவோடு ஒரு பக்கம் நிற்க, மலர் மற்றப் பக்கத்தில் தனிய நின்றா. குளிருக்குச் சேலைக்கு மேல் புருஷனுடைய பெரிய ஜக்கற். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்தா.

பிறகு சொன்னா. ஊரில் இருக்கும்போது இவரிடமிருந்து கிழமைக்கு ஒரு கடிதம் வருமாம். நீல எயர்மெயில் தாளில் மடிப்பு விளிம்பு வரைக்கும் எழுத்து. பனி, பஸ், பக்கத்து வீட்டுப் பூனை, எல்லாம் இருக்கும். இங்கே வந்து பார்த்தால், "சாப்பிட்டீரோ", "கதவைப் பூட்டினீரோ" என்ற இரண்டு கேள்விக்கு மேல் அந்த ஆளுக்குக் கதை இல்லை. இலண்டனில் இருக்கிற தமையன், சரிவராவிட்டால் தன்னிடம் வரச் சொல்லி எழுதியிருக்கிறாராம். பயணம் முடிய அவருக்குப் பதில் போடவேண்டும். வெறும் கோப்பையைத் திருப்பித் தந்துகொண்டு சொன்னா: "நான் ஆளைக் கட்டேல்லை அக்கா, கடிதத்தைத்தான் கட்டினனான் போல கிடக்கு."

ஊரின் பெருமை

கப்பல் எங்களை இறக்கிவிட்ட சின்ன ஊரில், பொழுதுபடும் நேரத்தில் கரடி காட்டக் கூட்டிப் போவோம். எங்கே என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். ஊர்க் குப்பை மேடு. அந்தக் காலத்தில் வடக்கில் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். நாற்பது பேரும் ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் படம் எடுத்தார்கள்.

தாய்க் கரடி ஒன்று இரண்டு குட்டிகளோடு வந்து, கறுப்புப் பையொன்றைக் கிழித்து, யாரோ எறிந்த கேக்கை எடுத்துக் குட்டிகளுக்குப் போட்டது. மலர் சிரித்தா. அந்தப் பயணத்தில் அவ சிரித்து நான் கேட்டது அப்போதுதான். தேவராசா கரடியை விட்டுவிட்டு அவவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ அவரிடமே திரும்பிச் சொன்னா: "எங்கட ஊரில காகம் செய்யிற வேலை. இதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

ரயில் நின்ற பள்ளத்தாக்கு

நாலாம் நாள் ரயில். மலைகளுக்கு நடுவே, ரோட்டே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு மணித்தியாலம் நிற்பாட்டுவார்கள். சுற்றிவர மேப்பிள் முழுக்கச் சிவந்து நின்றது. நேரம் முடிய விசில் ஊதினார்கள். நான் எண்ணினேன். முப்பத்தெட்டு. திரும்ப எண்ணினேன். அதே முப்பத்தெட்டு. அன்றைக்கு அந்த ரயிலை விட்டால் வேறு ரயில் இல்லை. ரயில் கார்டிடம் கெஞ்சிவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் ஓடினேன்.

இருவரும் தண்ணிக்குக் கிட்ட ஒரு கல்லில் இருந்தார்கள். தேவராசா அழுதுகொண்டிருந்தார். கூப்பிட வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். "கந்தோரில, மேசையில இருந்து எழுதுற வேலை எண்டு எழுதினது பொய்" என்றார். "நான் சலவை அறையில நிக்கிறன். வந்த நாளில இருந்து அங்கதான். உம்மட வீட்டில குறைவா நினைப்பினம் எண்டு எழுதீட்டன். பிறகு மாத்தத் தெரியேல்லை. வாயைத் திறந்தா எங்க பிடிபட்டிடுவனோ எண்டு பயம்." மலர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. சலவைச் சோடாவும் வெந்நீரும் அரித்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்தது. "உது எனக்கு முதல் கிழமையே தெரியும். கந்தோர்க்காரற்றை கை உப்பிடியோ இருக்கும்? நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

இரண்டாம் விசில் கேட்டது. நான் செருமினேன். மலர் என்னைத் திரும்பிப் பார்த்தா. எழும்பவில்லை, கையையும் விடவில்லை. "கடிதம் எழுதின ஆள் இப்பதான் வந்து சேர்ந்திருக்கிறார் அக்கா. ஒரு அஞ்சு நிமிசம் ரயிலை மறிச்சு வையுங்கோ."

தபால் அட்டை

சுப்பீரியர் ஏரிக் கரையில் பஸ்ஸை நிற்பாட்டின இடத்தில் ஒரு கடை. மலர் அங்கே மூஸ் மான் படம் போட்ட தபால் அட்டை ஒன்று வாங்கினா, இலண்டன் தமையனுக்கு. எழுதி முடித்ததை முத்திரை ஒட்டத் தேவராசாவிடம் கொடுத்தா. அவர் வாசிக்காமல் கவிழ்த்துப் பிடித்து ஒட்டினார். வாசிச்சால்தான் என்ன என்று கேட்டேன். "அவ தமையனுக்கு எழுதினது. எனக்கு வேணுமெண்டால் அவ வாயால சொல்லுவா" என்றார். அவ வாயாலேயே சொன்னா: "வின்ரருக்கு நல்ல சப்பாத்து வாங்கவேணும், இஞ்ச இருக்கப் போறன் எண்டு எழுதினனான்."

முறைப்பாடு

பயணம் முடிய எல்லாரும் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அடுத்த கிழமை என் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஒரு சிடுசிடுத்த மனுஷன், வேலையில் நேர்மை. ரயில்காரர் அனுப்பிய கடிதம் ஒரு கையில்: எங்கள் குழுவால் ரயில் ஒன்பது நிமிஷம் பிந்தியதாம். மறு கையில் தேவராசா தம்பதியின் படிவம். எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' போட்டு, குறைகள் என்ற இடத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்கள். நான் வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஒன்பது நிமிஷம் பிந்திப் போன ரயில் நேரத்துக்கு முன்பே போய்விட்டது என்று எழுதியிருக்கிறார்கள். இவர்கள் எந்த ரயிலில் போனார்கள்?"

அந்தப் பாதையில் அதற்குப் பிறகும் ஆறு வருஷம் போய்வந்தேன். வடக்கின் இயற்கை அழகு எப்படி என்று யாராவது கேட்டால் மட்டும், நல்ல வடிவு என்பதற்கு மேல் இன்றைக்கும் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.