மூன்றாவது தாள்

இது எனக்கு நடந்தது. கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் கடை மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புத் துணி இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன். பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

என் பெயர் நுஸைபா. மஞ்சேரிக்குப் பக்கத்தில் ஜெர்ஸி அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் ஏழுபேர் ஆடும் செவன்ஸ் பந்துதான் உயிர். ஊருக்கு நாலு கிளப். என்னிடம் இருப்பது வெள்ளை டோனர் பிரிண்டர். கறுப்புச் சட்டையில் வெள்ளைப் பெயர் ஏற அதுதான் வேண்டும். முதலில் தாளில் அச்சாகும். பிறகு சூட்டுப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் சட்டைக்கு ஏறும். ஒரே ஒரு சங்கடம், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. துணியில் ஏறும்வரை என்ன அச்சாகியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. மாலை நாலரைக்கு பைனல். கிளப் செயலாளர் மானு இக்கா பத்துப் பெயர் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒன்பதாம் நம்பர் இல்லை. அது ஷஹலின் நம்பர். போன வருடம் பைனல் முடிந்து ஆற்றுக்குக் குளிக்கப் போனவனைப் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள். அதன்பிறகு ஒன்பதை யாரும் போடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். அவன் நினைவுச் சட்டைகளை அடித்ததும் நான்தான். பெயர், ஒன்பது, கீழே பொடி எழுத்தில் பிறந்த தேதி, இறந்த தேதி.

என் தம்பி ரின்ஷாத்துக்கு அந்த ஒன்பதுதான் வேண்டுமாம்.

"நான் பார்வேர்டு இத்தா. பதினாலு போட்டுக்கிட்டு ஆடினா எவன் மதிப்பான்?"

"மானு இக்கா தோலை உரிச்சிடுவாரு."

"கிரவுண்டுல இறங்கினப்புறம் என்ன பண்ணுவாரு? என் தங்க இத்தால்ல..."

செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தான். சரி என்றேன்.

12:35. பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லி முடித்தார்கள். ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போக, கடைத்தெருவே அடைத்துக் கிடந்தது. நானும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பத்துச் சட்டையும் தயார். பாக்கி ஒன்பது மட்டும். புதிதாகச் செய்யச் சோம்பல்பட்டு, ஷஹலின் பழைய டிசைனையே திறந்தேன். பெயரை மாற்றினேன். தேதி வரியை அழித்தேன். அழித்தேன்... அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

12:48. கர்ர்ர்... தாள் வந்தது. பசைத்தாளோடு சேர்த்து அழுத்தி உரித்தேன். சட்டையின் முதுகில் வைத்துப் பிரஸ்ஸை இறக்கினேன். முப்பது விநாடி. பீப்... பீப்... ஆறவிட்டு உரித்தேன்.

ரின்ஷாத். ஒன்பது. கீழே பொடியாக ஒரு வரி.

பழைய வரி அழியவில்லை போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

முதல் தேதி, என் தம்பி பிறந்த நாள். நான் அதை அடிக்கவே இல்லை.

இரண்டாவது... 16-02-2024.

அன்றைய தேதி.

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரையில் பெயரும் நம்பரும் மட்டும்தான் இருந்தன. 12:57க்கு மறுபடி அடித்து ஒரு கழிவுத்துணியில் அழுத்தினேன். அதே வரி.

1:06. ஷட்டரில் டங்... டங்...

ஜிஷ்ணு குனிந்து உள்ளே வந்தான். எங்கள் கிளப்பின் மாற்று கோல்கீப்பர். தொழுகைக்குப் போகவேண்டியதில்லை என்பதால் வெள்ளி மதியம் தெரு அவனுடையது.

"என்ன இத்தா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? அட, ஒன்பது! யாருக்கு?"

"தப்பா அடிச்சிட்டேன். வேஸ்ட்டு."

"எனக்குக் குடுங்க. லிஸ்ட்லதான் நான் இல்ல. வேஸ்ட்லயாவது இருந்துட்டுப் போறேன்."

அதற்கு முன்பே சட்டையை வெட்டிப்போட நினைத்தேன். தம்பி பெயரின் மேல் கத்தரி வைக்கக் கை வரவில்லை. இது வெறும் பிழை என்றால், கொடுத்தால் என்ன? பிழை இல்லை என்றால்... என் தம்பியை விட்டு எங்கேயாவது போகட்டும். இந்த இரண்டாவது நினைப்பை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"எடுத்துட்டுப் போ," என்றேன்.

அவன் சீட்டியடித்துக்கொண்டு போனபோது 1:12.

1:14.

கர்ர்ர்...

நான் எதையும் தொடவில்லை.

ஒரு தாள் வந்து விழுந்தது. வெள்ளையாக. வெறுமையாக.

அழுத்திப் பார்க்கத் தைரியம் இல்லை. தம்பி பெயரை இன்னொரு தடவை பார்க்க முடியாது. இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டுப் பூட்டினேன்.

1:30க்குத் தம்பி வந்தான். பதினாலைக் கொடுத்தேன்.

"ஒன்பது எங்க?"

"கருகிடுச்சு. ரின்ஷா, இன்னிக்கு ஆத்துப் பக்கம் போகமாட்டேன்னு படச்சவன் மேல சத்தியம் பண்ணு."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சத்தியம் பண்ணினான்.

6:20க்குச் சேறும் வியர்வையுமாக வீட்டுக்கு வந்தான். ஜெயித்திருந்தார்கள். அரிசிமாவுப் பத்திரியும் கறியும் எடுத்து வைத்தேன். கண்ணீர் நிற்கவில்லை. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

6:41. போன்.

"நுஸைபா..." மானு இக்காவின் குரல் உடைந்திருந்தது. "மனசைத் திடப்படுத்திக்கோ. நம்ம ரின்ஷாத்... ஆத்துல..."

"அவன் என் முன்னாடி உக்காந்து சாப்பிடறான் இக்கா."



"அப்போ... முதுகுல அவன் பேரோட குப்புறக் கிடக்கிறது யாரு?"

எனக்குத் தெரிந்துவிட்டது.

பத்து நாள் கழித்து மானு இக்கா கடைக்கு வந்தார். ஜிஷ்ணுவுக்கு நினைவுச் சட்டை அடிக்கவேண்டும். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் அவன் பிறந்த தேதி. அதுவரை எனக்கு அது தெரியாது.

அவர் போனதும் இழுப்பறையைத் திறந்தேன். அந்தத் தாளை எடுத்து ஒரு கறுப்புத் துணியில் அழுத்தினேன். பீப்... பீப்...

ஜிஷ்ணு. ஒன்பது.

கீழே சீட்டில் இருந்த அதே பிறந்த தேதி. அதன் பக்கத்தில், 16-02-2024.

மூன்று நிமிட வேலை. அன்று உடனே அழுத்திப் பார்த்திருந்தால், ஓடிப்போய்ச் சட்டையைப் பிடுங்கியிருப்பேன். 1:14க்கு அவன் கடைத்தெரு முனையைக்கூடத் தாண்டியிருக்கமாட்டான். அவன் சீட்டிச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.