தன் வீட்டில் விருந்தாளி

“இது யார் வீடுங்க?”

“எங்க தம்பி வீடும்மா.”

“நீங்க?”

“விருந்துக்கு வந்திருக்கேன்.”

“எப்ப வந்தீங்க?”

“என் மக தொட்டில்ல கெடக்குறப்ப.”

பக்கத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சகாயம்மாள் முறத்தை நிறுத்தினார். “அந்த மக இப்ப மூணாங் கிளாஸ். வருஷா வருஷம் வெள்ளையடிக்கிற விருந்தாளிய எங்கயாவது பாத்திருக்கியாம்மா?”

நான் பாலக்கரைக்குக் குடிவந்த புதிதில் லூர்துராணியோடு பேசிய முதல் பேச்சு அவ்வளவுதான்.

பள்ளிக்கூடப் பெண்களுக்குப் பாவாடை சட்டை தைப்பது அவர் தொழில். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். அது விழுந்து நான் பார்த்ததில்லை. கேட்காமலே பாவாடையின் அடியில் அதிகத் துணி விட்டு மடித்துத் தைப்பார். “புள்ள வளராமயா இருக்கப்போவுது?” மதியமானால் பானையையும் விறகையும் தூக்கிக்கொண்டு சகாயம்மாளின் அடுப்புக்குப் போவார். தம் வீட்டில் அவருக்கு அடுப்பே கிடையாது.

காரணம் பினாங்கில் இருந்தது. கணவர் அற்புதசாமி அங்கே துறைமுகத்தில் குமாஸ்தா. மகள் தொட்டிலில் கிடந்த சமயம் அங்கிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் லூர்துராணியிடம் சொல்லிவிட்டுப் போனார்: “ஊர்ல அவருக்குன்னு ஒரு அடுப்பு எரிஞ்சாப் போதும். கால் வச்ச அன்னைக்கே அந்த ஊர்ச் சம்பளம் பூராவுக்கும் இங்க இன்கம்டாக்ஸ்.” அந்த வாரமே வாடகை ரசீது தம்பி பெயருக்கு மாறியது, அடுப்பை இடித்தார்கள். அப்படியும் பயம் தெளியாமல் அற்புதசாமி ஊருக்கு வரவேயில்லை. இந்த ஆண்டு மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள்.

தெப்பக்குளத்தருகே நான் டைப் அடிக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு லூர்துராணியை அழைத்துப் போனேன். ஆடிட்டர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னேன். இங்கே வீடும் இருந்து அவரும் வந்தால், அந்த ஆண்டு அவரை இந்த நாட்டில் வசிப்பவராகக் கொள்வார்கள், அது உண்மைதான். ஆனால் இத்தனை காலம் வெளியிலேயே இருந்தவர் அங்கே சம்பாதித்து அங்கேயே வைத்திருக்கும் பணத்துக்கு இங்கே வரி கிடையாது. இங்கே கொண்டுவருவதற்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

“அடுப்பு?” என்றார் லூர்துராணி.

அடுப்பைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்றேன்.

“இத சகாயத்துக்கிட்டச் சொல்லிடாத. சிரிச்சே செத்துப் போவா.”

திரும்பும் வழியில் தந்தி ஆபீஸ் வாசலில் நின்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பினாங்குக்கு ஒரு தந்தி இங்கிலீஷ்ல எழுதிக் குடும்மா. ‘வாங்க’ன்னு போடு. வெறும் வாங்க வேணாம். ‘நம்ம வீட்டுக்கு’ன்னு சேத்துப் போடு.”