கதவில் ஒட்டிய கேள்வி

மார்க்கர் பேனாவின் வாசம் வந்தால் போதும்... ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு மரக்கறிக் கடை எனக்கு நினைவுக்கு வரும். கனடா வந்த புதிதில் நான் பெட்டிகளில் விலை எழுதிய கடை. முதல் நாள் முதலாளி, "ஏன் இந்த வேலைக்கு வாறீர்?" என்று கேட்டார். எனக்கு மரக்கறி என்றால் உயிர் என்றேன். வேறென்ன சொல்ல? வாடகைக்கு என்றா சொல்ல முடியும்?

போன சனிக்கிழமை, அதே வாசம் எங்கள் வீட்டு மாடியெங்கும்.

மகள் கவினி பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி முடித்த கையோடு பட்டப்படிப்பையும் மருத்துவத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தருகிற படிப்பு ஒன்று இருக்கிறதே — பெயரைச் சொன்னாலே ஸ்காபரோ அன்ரிமார் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள் — அதற்கு விண்ணப்பிக்க ஞாயிறு கடைசி நாள். இடமோ கொஞ்சம். கேட்டு வருகிறவர்களோ நாடு முழுக்க.

விண்ணப்பிப்பதா, விடுவதா என்றே அவள் இன்னும் சொல்லவில்லை. நாங்கள் இன்டர்வியூவுக்கே தயாராகிவிட்டோம்.

அந்த இன்டர்வியூ ஒரு தினுசு. அறைக் கதவில் ஒரு சிக்கலை எழுதி ஒட்டியிருப்பார்கள். வெளியே நின்று இரண்டு நிமிடம் படித்துவிட்டு, உள்ளே போய்ப் பேச வேண்டும். என் மனைவி வதனி விடுவாளா? குளியலறைக் கதவில் மார்க்கரால் எழுதிய ஒரு தாள், அலமாரிக் கதவில் ஒரு தாள்... உள்ளே நடிப்பது நான்: ஊசிக்குப் பயந்த நோயாளி. மருந்தை மறுக்கும் நோயாளி. டொக்டரையே ஏசுகிற நோயாளி. கவினி சிரித்துச் சிரித்தே என்னைக் குணப்படுத்தினாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் அவளைக் கட்டாயப்படுத்தவே இல்லை. எப்போது கேட்டாலும் எங்கள் பதில் ஒன்றுதான்: "உன்ர விருப்பம், பிள்ளை."

பின்னேரம் மேலே போனால், அவளுடைய அறைக் கதவில் புதிதாக ஒரு தாள். அவளுடைய கையெழுத்து. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

'ஒரு பெண்ணுக்கு இப்போது விண்ணப்பிக்க விருப்பமில்லை. அவளுடைய பெற்றோர் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் சண்டையாவது பிடிப்பாள். அவர்கள் "உன் விருப்பம்" என்பார்கள். பிறகு முகம் வாடுவார்கள். நீங்கள் அந்த அப்பா. உள்ளே போய்ப் பேசுங்கள்.'

இரண்டு நிமிடமா? பத்து நிமிடம் நின்றிருப்பேன்.

எங்கள் பெற்றோர் கையைப் பிடித்து இழுத்தார்கள். எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்பதாவது தெரிந்தது. நாங்கள் கையை விட்டுவிட்டோம். விட்டுவிட்டு, நாங்கள் நினைத்த திசையில்தான் பிள்ளை நடக்கிறதா என்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இதற்குப் பெயர் சுதந்திரமாம்.

கதவைத் தட்டினேன். கட்டிலில் இருந்தாள். சிரிக்கவில்லை.

"எனக்கு நீ விண்ணப்பம் போட வேணும் எண்டு ஆசை," என்றேன். "கன நாளா ஆசை. அதை மறைச்சுக்கொண்டுதான் உன்ர விருப்பம் எண்டு சொன்னனான்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "டொக்டரா வரமாட்டன் எண்டு சொல்லேல்லை, அப்பா. முதல்ல பயோலொஜி படிக்கிறன். பிறகும் விருப்பம் இருந்தா போடுறன். ஐ ஆம் செவன்டீன். இப்பவே வாழ்க்கையை எழுதிக் குடுக்கப் பயமா இருக்கு."

வாதாட என்னிடம் ஆயிரம் வசனங்கள் இருந்தன. எழுதுகிறவன் ஆயிற்றே... ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை.

வதனியிடம் நானே சொன்னேன். அவள் கதவு கதவாகப் போய் டேப்பை உரித்தாள்; குளியலறைக் கதவில் பெயின்ரும் சேர்ந்து வந்தது. பிறகு மகளின் அறைக்குள் போய் நெடுநேரம் இருந்தாள். என்ன பேசினார்களோ, இறங்கி வரும்போது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. இருவருக்கும் நல்ல பசி.

ஞாயிறு போனது. விண்ணப்பம் போகவில்லை.

திங்கள் காலை அவளைப் பள்ளி வாசலில் இறக்கினேன். பையைத் தோளில் போட்டவள், காரின் கதவைச் சாத்தாமல் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்குக் கவலையோ?"

"ஓம். கொஞ்சம்."

"எனக்கும் கொஞ்சம்," என்றாள். "போயிட்டு வாறன்."