மலரில் நான்கு கோடுகள்

எங்கள் கிரிக்கெட் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு ஓட்டப் பட்டியலை நான்தான் தயாரித்தேன். இருபத்தைந்து கோடைகளின் ஸ்கோர் புத்தகங்களும் என் அலுமாரியில் ஆண்டு வாரியாக இருக்கின்றன. அவற்றின்படி மொத்த ஓட்டங்களில் நான் மூன்றாவது. என் பெயருக்கு எதிரே நான்கு ஆண்டுகள் வெறும் கோடுகள். இருபத்தாறு வயதிலிருந்து முப்பதுவரை, துடுப்பாட்டக்காரனின் நல்ல வயதில், நான் பிரித்தானிய இராணுவத்தில் இருந்தேன். கோடுகளுக்குக் கீழே அதையும் எழுதியிருந்தேன்.

குட்மேய்ஸில் கழகச் செயலாளர் வீட்டில் அந்த வரிதான் சிக்கலானது.

"அண்ணை, ஆமி எண்டு போட்டால் சனம் மலரைக் கையில எடுக்குமே?"

"பிரித்தானிய இராணுவம் எண்டுதானே எழுதியிருக்கிறன்."

"எங்கட சனத்துக்கு எல்லாம் ஆமிதான். முழங்கால் காயம் எண்டு போடுவம்."

"என்ர முழங்காலில ஒரு கீறலும் இல்லை. வேணுமெண்டால் பாருங்கோ."

அவர் சிரிக்கவில்லை. ஊரில், போர்க்காலத்தில், ஆமி வருகிறது என்று கேட்டு வீட்டைப் பூட்டாமல் ஓடிய குடும்பம் அவருடையது. எங்களுடையதும்தான். அந்த நான்கு வருடமும் கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஜெர்மனியில் வேலை செய்வதாகவே அம்மா சொல்லிவந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப உங்கட சராசரியைப் போட்டு நாலு வருஷத்தையும் நிரப்புவம். நீங்கள்தான் முதலாவது. ஆருக்குத் தெரியப்போகுது?"

அந்தக் கணக்கை நானும் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். முதலாவதுதான்.

"அடிக்காத ஓட்டத்தைப் போட ஏலாது. போன இடத்தை ஒளிக்கவும் ஏலாது. அந்த வரி இல்லையெண்டால் பட்டியலும் இல்லை. அந்தப் பக்கத்தில ஆராவது நடிகரின்ர படத்தைப் போடுங்கோ."

பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதினோராம் நாள் அவர் தொலைபேசியில் வந்தார்.

"அச்சகக்காரன் கத்துறான். கொண்டுவாங்கோ."

"வரி?"

"கிடக்கும் அண்ணை, கிடக்கும்."

வெம்பிளி மண்டபத்தில் மலர் வெளியானபோது நாற்பத்தோராம் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். மூன்றாமிடம், நான்கு கோடுகள், அந்த வரி. எழுத்தைக்கூடச் சிறிதாக்கவில்லை.

கோயிலில் பழக்கமான ஒரு பெண்மணி, எனக்கும் அம்மாவுக்கும் முன்வரிசையில் இருந்தவர், அதே பக்கத்தோடு திரும்பினார். என் அம்மாவிடம்தான் கேட்டார்.

"உங்கட மகன் அப்ப ஜெர்மனியில எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"இல்லை. ஆமியில இருந்தவன். உதில போட்டுக் கிடக்கு, வடிவா வாசியுங்கோ."