குணமான பிறகு

பாளையங்கோட்டையில் ஒரு மனநல வார்டில் சமூகப் பணியாளராகச் சேர்ந்த புதிதில், மாத்திரை ஆளைத் தேற்றிவிடும் என்று அக்தர் பானு முழுசாக நம்பினாள். தேறித்தான் போனார்கள். ஆனால் சில மாதங்களில் அதே முகங்கள் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தன. வீட்டில் அவர்களுக்குத் தூக்கமில்லை, பேச ஆளில்லை. 'லூசு' என்ற பெயர் மட்டும் இருந்தது. தேற்றித் தேற்றி அதே அடுப்படிக்கு அனுப்புவது அவளுக்குப் பொறுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள்.

ஏரலில் அப்படித்தான் அஸீலாவைப் பார்த்தாள். தலைப்பிரசவம் முடிந்திருந்தது. புருஷன் சுஹைல் துபாயில். பிள்ளை வீறிட்டு அழுதாலும் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சோம்பேறித்தனம்" என்றாள் மாமியார் ஜனாபா.

அக்தர் பானு சண்டை போடவில்லை. வாரம் தவறாமல் போய், ஜனாபாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

"மாமி, பிள்ளைய நீங்க கொஞ்ச நேரம் வச்சுக்கிட்டா இவ தூங்குவா. தூங்குனாலே பாதி சரியாயிரும்."

ஜனாபா பைய இறங்கி வந்தாள். டாக்டரிடம் கூட்டிப் போகவும் ஒத்துக்கொண்டாள். மாத்திரையோடு தூக்கம், வேளைக்குச் சோறு, சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஆற்றுப் பாலம் வரை நடை. ஒருநாள் அஸீலாவே போன் செய்தாள். "லாத்தா, பிள்ள என்னப் பாத்துச் சிரிக்கி." பஸ்ஸில் இருந்த அக்தர் பானு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாத்திரை விஷயம் எப்படியோ துபாய்க்குப் போயிற்று. சுஹைல் லீவு போட்டு வந்தான். அக்தர் பானு ஓடிப்போய்ப் பேசினாள்.

"தம்பி, இது காய்ச்சல் மாதிரி ஒரு நோவு. இப்ப தேறிட்டா."

"தேறிட்டான்னா, இவ்வளவு நாளும் பைத்தியமா இருந்தான்னு நீங்களே சொல்லுதிய. எம்பிள்ளைய நம்பி விட முடியாது."

ஜனாபா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிள்ளையை வைத்துக்கொண்டு, அஸீலாவை மட்டும் சேரன்மகாதேவிக்கு, உம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். வக்கீலைப் பார்க்கலாம் என்று அக்தர் பானு சொன்னபோது அஸீலாவின் வாப்பா தலையசைக்கவில்லை. "இவளுக்குக் கீழ ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு. கோர்ட்டுக்குப் போனா ஊரு பூரா தெரியும். விட்டுருங்கம்மா."

அடுத்த தடவை போனபோது அஸீலா தலை வாரி, குனிந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பார்வை தெளிவாக இருந்தது. அதைத்தான் அக்தர் பானுவால் பார்க்க முடியவில்லை.

"அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது லாத்தா. பிள்ள மடியில கெடந்துச்சு. இப்ப எல்லாம் தெரியுது." முறத்தைக் கீழே வைத்தாள். "என்னைய எதுக்குச் சரியாக்குனிய?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அந்த வாரம் புன்னக்காயலில் ஒரு புது வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அக்தர் பானு வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். மறுநாள் மறுபடியும் போனாள். மாத்திரையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.