இரண்டாவது பொன்னாடை

எங்கள் வீட்டு அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்குக் கீழே எப்போதும் இரண்டு பொன்னாடைகள் மடித்தபடி இருக்கும். டுசல்டோர்ஃபில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கு அப்பாதான் பெற்றோர் சங்கத் தலைவர். எந்த ஆசிரியர் வேறு ஊருக்குப் போனாலும் மாலை, பொன்னாடை, சின்னதாக ஒரு பேச்சு, நாற்காலி போட்டு ஒரு படம் என்று எல்லாம் நடந்தாக வேண்டும். பிரியாவிடை இல்லாமல் ஒரு வாத்தியாரை அனுப்புவது, கலியாண வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்புவது மாதிரி என்பார்.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் பல்கலைக்கழகக் கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். ரைன் நதிக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய கழகம் எங்களைவிட மூன்று பிரிவு மேலே ஆடியது. அவர்களுக்கு விளம்பரப் பலகைகள், சொந்தப் பேருந்து. எங்களுக்கு மழைக்கு ஒழுகும் ஒரு மண்டபமும் ஒரு பயிற்சியாளரும். பகலில் அவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பிப்பார், மாலையில் எங்களைப் பிழிந்தெடுப்பார். அணியிலேயே குள்ளச்சி நான்தான். “பந்து தரையில் இருக்கும்போது நீதான் உயரம்” என்று சொல்லி, ஆட்டத்தை நடத்தும் இடத்தை எனக்குத் தந்தவர். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

அந்த மனிதர்தான் ஒரு வசந்தகாலத்துப் பயிற்சி முடிவில், அடுத்த பருவம் அந்தக் கரைக் கழகத்துக்குப் போகிறேன் என்றார். அவர் போனபிறகு உடைமாற்றும் அறையில் அணித்தலைவி, இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம்தான் குறைவான மருத்துவ மாணவி, தீர்ப்புச் சொன்னாள். கடைசி ஆட்டம் முடிந்ததும் அவருக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது, கேக்கும் கிடையாது. முதலில் கை தூக்கியவள் நான்.

வீட்டுக்கு வந்தும் என் கொதிப்பு அடங்கவில்லை. அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

“மாஸ்டர் போற இடம் இதைவிடப் பெரிசோ?”

“ஓம். அதுதானே கோவம்.”

“எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்திலயிருந்து யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிக்கு மாற்றம் கிடைச்ச மாதிரி. சந்தோசமான விசயமெல்லே?”

“அப்பா, அவரை ஒருத்தரும் மாத்தேல்லை. தானாத்தான் ஓடுறார்.”

“ஓடுறவர் சொல்லிப்போட்டோ ஓடுவார்?” என்றார். நான் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனேன். அந்தப் பேச்சு அவருக்குள் எங்கே போய் முடியும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கடைசி ஆட்டத்தில் தோற்றோம். விசில் ஊதியதும் திட்டப்படி நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கினோம். அப்போதுதான் கறுப்புக் கோட்டும் பளபளக்கும் சப்பாத்துமாக அப்பா ஆடுகளத்துக்குள் இறங்குவதைக் கண்டேன். ஒரு கையில் பொன்னாடை. மறு கையில் அம்மா கோத்த கார்னேஷன் மாலை. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன்.

மண்டபப் பொறுப்பாளர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். வெளிச் சப்பாத்தோடு அந்தத் தரையை மிதிப்பது எங்கள் மண்டபத்தில் கொலைக்குற்றம். அப்பா கொஞ்சமும் அசரவில்லை. மரியாதையான இடத்தில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் அவருக்கு அதில் என்ன சங்கடம்? கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் கால்மேசோடு நடுக்களத்துக்கு நடந்தார். மாலையைப் போட்டார், பொன்னாடையைப் போர்த்தினார், தனக்குத் தெரிந்த ஜேர்மனில் உரத்துப் பேசினார்: “நீங்கள் நல்ல ஆசிரியர். இப்போது பெரிய பள்ளிக்குப் போகிறீர்கள். பெற்றோருக்குப் பெருமை.”

பயிற்சியாளரின் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. “உன் அப்பாவுக்கு விசயம் விளங்கவில்லையா?” என்று தலைவி என் காதில் சீறினாள். ஆனால் அப்பா நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு, “வாங்கோ பிள்ளையள்” என்று தமிழிலேயே படத்துக்குக் கூப்பிட்டபோது, அந்த முகத்துக்கு இல்லையென்று சொல்ல ஒருத்திக்கும் மனம் வரவில்லை. படத்தில் சிரித்தபடி இருப்பவர் அப்பா மட்டும்தான். நாங்கள் கைகுலுக்காமலே கலைந்தோம்.

அடுத்த பருவம் நாசமாகப் போனது. முதலில் வந்த பயிற்சியாளருக்கு விசில் ஊதுவதுதான் பயிற்சி. இரண்டாமவர் கைத்தொலைபேசியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார், அவரும் டிசம்பரில் நத்தாருக்கு முன்னமே கழன்றுகொண்டார். பட்டியலின் அடியில் கிடந்தோம். இன்னும் ஒரு படி கீழே விழுந்தால் அணியைக் கலைத்துவிடலாம் என்று கழகத்தில் பேச்சு அடிபட்டது.

தை மாதத்தில் செய்தி வந்தது. தொடர்ந்து தோற்றதால் பெரிய கழகம் எங்கள் பழையவரை விலக்கிவிட்டது. தொலைபேசியில் சொல்லி, மண்டபச் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். உடைமாற்றும் அறையில் “நல்லா வேண்டும்” என்றார்கள். நானும் சொன்னேன். வீட்டில் அதையே சொன்னபோது அப்பாவின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது.

“ஆர் பிரியாவிடை செய்தது?”

“ஒருத்தரும் இல்லை. துரத்திப்போட்டாங்கள் அப்பா.”

“துரத்தினா மாலை போடக்கூடாதோ?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு டிராமில் ஏறினார். பயிற்சியாளர் சவரம் செய்யாத முகத்தோடு கதவைத் திறந்தார். அப்பா வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். இரண்டாவது பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினார். அந்த மனிதர் அதன் சரிகைக் கரையைத் தடவிக்கொண்டே நின்றார். அவரைப் பார்க்க என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

“பிள்ளை, சொல்லு” என்றார் அப்பா. “பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாஸ்டரின்ர அருமை தெரியேல்லை. எங்கட சின்னப் பள்ளிக்கூடத்தில இடம் காலியாத்தான் கிடக்கு. வரச்சொல்லு.”

அப்பா எங்கள் கழகத்தில் உறுப்பினர்கூட இல்லை. தமிழ்ப் பள்ளியில் நடத்துவதுபோலவே இங்கும் ஆள் நியமித்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். கூடவே என் பங்குக்கும் சொன்னேன்: “எல்லாரும் உங்கள்மேல் கோபமாகத்தான் இருக்கிறோம். நானும்தான். செவ்வாய்க்கிழமை பயிற்சி.”

செவ்வாய்க்கிழமை நாங்கள் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தபோது மண்டபக் கதவு திறந்தது. அவர் கையில் விளையாட்டுச் சப்பாத்துப் பை இருந்தது, ஆனால் அதற்குள் இருந்ததைப் போடவில்லை. வெளிச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கால்மேசோடு ஆடுகளக் கோட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

பந்துகள் ஒவ்வொன்றாக நின்றன. தலைவி அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கால்களைப் பார்த்தாள். கையிலிருந்த பந்தை அவர் நெஞ்சைக் குறிவைத்துப் பலங்கொண்ட மட்டும் எறிந்தாள்.

அவர் பிடித்துவிட்டார். “எறியும்போது உன் வலது முழங்கை இன்னும் வெளியே போகிறது” என்றார்.

“அப்படியென்றால் உள்ளே வந்து திருத்துங்கள்” என்றாள் அவள்.