மைன்ஸ் ஊர்ப் பசங்களுக்கு இது போதும்

பெங்களூரில் ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் மாரிகுப்பம் போய் ரயில் பிடித்து, இருட்டிய பிறகு தங்கவயலில், பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க்கில் எங்கள் லைன் வீட்டுக்குத் திரும்புகிற வாழ்க்கை. அதே மையம் தங்கவயலிலும் ஒரு கிளை திறக்கிறது என்று தெரிந்ததும் நானாகவே போய்க் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இனி ரயிலேறாமல் படிக்கலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். திறப்பு விழாவுக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

வகுப்புகள் தொடங்கும் முன்பே கிளை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பெங்களூர்க்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். ஒரு மெல்லிய புத்தகத்தை நீட்டினார். உள்ளே முழுக்கக் குறுக்குவழிகள். கேள்வியில் இந்தச் சொல் வந்தால் இந்தச் சூத்திரம், விடைகள் இப்படி இருந்தால் இதை டிக் அடி, அடுத்ததற்குப் போ.

"இது பாடம் முடிச்சப்புறம் குடுக்கறதுதானே சார்?" என்றேன்.

"இல்ல மேடம், இங்க இதுதான் பாடம்."

"பெங்களூர்ல இதே சாப்டருக்கு ஒரு வாரம் குடுத்தீங்களே?"

"அங்க வர்ற பசங்க வேற. இது மைன்ஸ் ஊரு. இந்தப் பசங்களுக்கு இது போதும். ஏன், எதுக்குன்னு ஆரம்பிச்சீங்கன்னா தூங்கிடுவாங்க."

என் அப்பா இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் போனவர். அது மேலாளருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

குறுக்குவழி மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்காத தேர்வில் அது இல்லாமல் முடியாது. கப்பியின் இரண்டு பக்கமும் எடை தொங்குகிறது, முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால் நானே முழுக் கணக்கும் போடமாட்டேன். இரண்டு எடையும் சமமானால் முடுக்கம் இருக்கக் கூடாது. எடைகளைச் சமமாக வைத்துப் பார்த்து, பூஜ்யம் வராத விடைச் சூத்திரங்களையெல்லாம் அடித்து நீக்கிவிடுவேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஏன் அடிக்கிறோம் என்று தெரிந்து அடிக்க வேண்டும். அதைச் சொல்லித்தராமல் வழியை மட்டும் விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதுவும் ஊரைப் பார்த்து விற்பதை.

அந்தப் புத்தகத்தில் ஒரு குறுக்குவழி: விழுகிற பொருள் அடுத்தடுத்த விநாடிகளில் கடக்கும் தூரம் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற விகிதத்தில் போகும். எப்போது அப்படிப் போகும் என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் பலகையில் எழுதியதும் ஒரு பெண் கை தூக்கினாள். ஸ்கெலட்டன் என்ற லைன் குடியிருப்பிலிருந்து வருகிறவள். அவள் அம்மா தினமும் பெங்களூருக்குத் தையல் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்.

"மேடம், கல்ல சும்மா கையிலேருந்து விட்டா சரி. கீழ பார்த்து வீசினா? அப்பவும் ஒண்ணு, மூணுதானா?"

புத்தகத்தை மூடிவிட்டேன். நேரத்துக்கும் வேகத்துக்கும் ஒரு வரைபடம் போட்டேன். கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் கடந்த தூரம்; சும்மா விட்ட கல்லுக்கு அது ஒரு முக்கோணம். விநாடிக்கு விநாடி கோடு போட்டுச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டினால் முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஐந்து. பிள்ளைகள் எண்ணிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண் எழுந்து வந்து, நான் சொல்வதற்கு முன்பே முக்கோணத்துக்கு அடியில் ஒரு நீளமான செவ்வகம் வரைந்தாள்.

"வீசினா இது சேர்ந்துக்கும் மேடம். எல்லா விநாடிக்கும் ஒரே அளவு. அப்ப அந்த விகிதம் வராது."

வகுப்பறைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் போல, மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "டைம் வேஸ்ட் மேடம்" என்றார். பிறகு அவளிடம், "ஏன்னு கேக்கறதுக்கு எக்ஸாம்ல மார்க் கிடையாதும்மா. போய் உக்காந்து டிக் அடிக்கப் பழகு" என்றார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.

பெற்றோர் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். பெங்களூரில் நடத்துகிற பாடம் இங்கே நடப்பதில்லை, இங்கே வெறும் குறுக்குவழிதான் என்று. அந்தப் பெண்ணின் அம்மாதான் எழுந்தார்.

"இன்னா சார் இது, அங்க ஒண்ணு இங்க ஒண்ணா? போர்டுல ஒரே பேருதானே போட்டுகினு கீறீங்க?"

"ரிசல்ட் வரட்டும்மா, அது பேசும்" என்றார் மேலாளர்.

மறுநாளே இனி வர வேண்டாம் என்று எனக்கு போன் வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அங்கேயே இருந்துவிட்டார்கள். அந்தப் பெற்றோர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பெரிய போர்டை நம்பாமல் என்னை மட்டும் நம்பு என்று எந்த வாயால் சொல்வது? அந்தப் பெண்ணும் இன்னும் சிலரும் மட்டும் வெளியே வந்தார்கள். அவள் வீட்டுப் பக்கத்துப் புத்த விகாரையின் கூடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வாங்கினோம். முதலில் பாடம், பிறகு குறுக்குவழி. பல குறுக்குவழிகளை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அவளுக்குப் பெங்களூரில் பொறியியல் சீட் கிடைத்தது. ஆசைப்பட்ட கல்லூரி இல்லை, ஆனால் ஆசைப்பட்ட பிரிவு. சந்தோஷமாகத்தான் இருந்தோம், எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் அந்த மையத்தின் வாசல் பேனரைப் பார்க்கும்வரை. வெற்றி பெற்ற மாணவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே அவள் படமும் இருந்தது. மையத்தில் சேரும்போது கொடுத்த படம்.

அவளும் அவள் அம்மாவும் நானுமாக மையத்துக்குள் போனோம். மேலாளர் நாற்காலியை விட்டு எழவில்லை. "இங்க படிச்ச பொண்ணுதானே? உனக்குத்தானேம்மா பெருமை?" என்றார்.

"எனக்கு வேணாம் சார். எடுத்துடுங்க" என்றாள் அவள்.

"அட்மிஷன் சீசன் முடியட்டும், பார்க்கலாம்."

அவள் அம்மா கைப்பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எதிர்க்கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, ஏறி, மகளின் முகத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தார். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மேலாளர் வாசலில் நின்று கத்தினார். "கத்துங்க சார்" என்று சொல்லிக்கொண்டே நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

பேனரை அவர்கள் மாற்றக்கூட இல்லை. ஓட்டையோடு சீசன் முழுக்கத் தொங்கியது. அதற்குக் கீழேயே பெற்றோர்கள் வரிசையில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தார்கள். என் தெருக்காரர் ஒருவரும் மகனைச் சேர்த்துவிட்டு வந்து, "ஷார்ட்கட் எல்லாம் சூப்பரா சொல்லித் தர்றாங்களாம் மேடம்" என்று என்னிடமே சொன்னார். வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினேன்.